சம்பந்திகளுக்கு ஒரு மைலேஜ் டெஸ்ட்

பல்லைப் பிடுங்கப் போன இடத்தில்கூட என்னை விடவில்லை. டாக்டர் என் வாய்க்குள் கண்ணாடியையும் குழாயையும் வைத்துக்கொண்டு, "மேடம், கார் மாத்தலாம்னு இருக்கேன். டீசல் எடுக்கவா, ஹைப்ரிட் எடுக்கவா?" என்றார். வாயைத் திறந்து வைத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது. தலையை லேசாக ஆட்டினேன், வலியில். அவர் அதை ஹைப்ரிடுக்கு ஆதரவாக எடுத்துக்கொண்டு போன மாதம் ஒன்று வாங்கியும் விட்டார். நல்லவேளை, அவருக்கு அதுதான் சரி. அவர் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவே இரண்டு சிக்னலும் ஒரு மீன் மார்க்கெட்டும் இருக்கின்றன.

மதுரையில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பெயர் விஜயா. கம்பெனியில் 'மைலேஜ் மேடம்' என்றால்தான் தெரியும். என்னிடம் வேலை பழகிய செந்தில் இப்போது அங்கே ஒர்க்ஸ் மேனேஜர். போன வாரம் போன் செய்தான்.

"அக்கா, புதுசா வந்த பசங்களுக்கு மைலேஜ் டெஸ்ட்னா என்னன்னே தெரியல. ஸ்கிரீன்ல வர்ற நம்பரைக் காட்டி கஸ்டமரை அனுப்பிச்சுடுறாங்க. எப்படி எடுக்கணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்களேன்."

இரண்டு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். நடைமுறை முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் வந்ததெல்லாம் நடைமுறையில் அடங்காதது. செந்தில், இதைப் பயிற்சி வகுப்பில் வாசிக்காதே. படித்துவிட்டு உள்ளே வைத்துக்கொள்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்த ஒரே பெண் நான். வேலைக்குச் சேர்ந்ததும் முதல் வருடம் போன் எடுக்க வைத்தார்கள். இரண்டாம் வருடம் உதிரிபாகக் கிடங்கில் போல்ட் எண்ண வைத்தார்கள். மூன்றாம் வருடம் ஒருநாள் ஒர்க்ஸ் மேனேஜர் ஞானசேகரன் சார் கிடங்குக்கு வந்து, பார்சல் நிறுக்கும் தராசில் என்னை ஏறச் சொன்னார். ஏறினேன். நாற்பத்தெட்டு கிலோ காட்டியது. "நாளைலருந்து மைலேஜ் டெஸ்ட் நீதான் எடுக்குற" என்றார்.

என் திறமையைக் கண்டுகொண்டார் என்று அன்று முழுக்க மிதந்தேன். அதுவரை டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணனின் எடை தொண்ணூற்றிரண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. விஷயம் புரிந்ததும் சாரிடம் போய் நேராகவே கேட்டேன்.

"சார், இது கஸ்டமரை ஏமாத்துறது இல்லையா?"

"எப்படி ஏமாத்துறது? கஸ்டமரையும்தான பக்கத்துல ஏத்திக்கிறோம். அவங்க பெரும்பாலும் கனமாத்தான் இருக்காங்க. உன்னைய வெச்சு ஈடு கட்டுறேன்."

ஞானசேகரன் சார் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. எவ்வளவு கோபமாக வருகிற ஆளையும் கடைசி வார்த்தை வரை பேச விடுவார். அப்புறம் "அப்படியா" என்பார். அந்த 'அப்படியா'வில் மூன்று வகை உண்டு. முதல் வகைக்கு, வண்டியில் நிஜமாகவே கோளாறு என்று அர்த்தம். இரண்டாவதற்கு, ஓட்டுகிற காலில்தான் கோளாறு என்று அர்த்தம். மூன்றாவது கொஞ்சம் நீளமாக வரும். வந்தவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். மூன்றையும் பிரித்துக் கேட்க எனக்கு ஒரு வருடம் ஆனது. சட்டைப் பையில் பேனாவோடு டயர் காற்று அளக்கும் கருவி ஒன்றைச் செருகியிருப்பார். சமயத்தில் அதை எடுத்துக் கையெழுத்துப் போடப் போவார்.

டெஸ்ட்டுக்கு அவர் வைத்த வரிசையை யாரும் மாற்ற முடியாது. முதலில் டிக்கியைத் திறக்க வேண்டும். மூன்று மாதமாக மைலேஜ் இல்லை என்று புலம்பியவரின் டிக்கியில் இரண்டு மூட்டை சிமெண்டு இருந்தது. வீடு கட்டி மிச்சமானதாம், இறக்க மறந்துவிட்டாராம். இன்னொருவர் டிக்கியில் ஆட்டுக்கல் இருந்தது. அது யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. டிக்கிக்கு அப்புறம் டயரில் காற்று. அதற்கப்புறம் பெட்ரோல் பங்க். நாஸில் தானாக நின்றதும் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வண்டியை இரண்டு பக்கமும் ஆட்ட வேண்டும். உள்ளே மாட்டியிருக்கும் காற்று குமிழ் விட்டு வெளியே வரும். இரண்டு நிமிடம் பொறுத்து, கழுத்து வரை மறுபடி நிரப்ப வேண்டும். டீசல் என்றால் நுரைக்கும், ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஓட்டி முடித்துத் திரும்பி வந்து, அதே பங்க்கில், அதே நாஸிலில், அதே கழுத்து வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். ஸ்கிரீனில் வருவது வண்டி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது.

எல்லாவற்றுக்கும் மேலே சார் ஒன்று சொல்வார். "விஜயா, முடிவை முதல்ல எழுதிட்டு டெஸ்ட்டுக்குப் போகாத." இருபத்தொன்பது வருடம் அதை மீறவில்லை. கடைசி வருடம் மீறினேன். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

அதற்குமுன் இந்தக் காலத்து வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம். இன்றைய டீசல் கார் நல்ல உழைப்பாளி, நீண்ட தூரம் கேட்கும். புகையில் வருகிற கரியைப் பிடித்துவைக்க அதில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. கரி நிறைந்ததும் வண்டியே அதைச் சூடாக்கி எரித்துக்கொள்ளும். அதற்கு அரைமணி நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். ஊருக்குள் தினம் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு அந்த அரைமணி வாய்ப்பதே இல்லை. விளக்கு எரியும், இழுவை குறையும், எங்களிடம் வந்து கத்துவார்கள். ஒரு நகைக்கடைக்காரருக்கு நான் ஜாப் கார்டில், 'வாரம் ஒருமுறை விருதுநகர் வரை போய்ப் பரோட்டா சாப்பிட்டுத் திரும்பவும்' என்றே எழுதிக் கொடுத்தேன். ஃபில்டர் சரியாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து, அவருக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று அவர் மனைவி என்னிடம் சண்டைக்கு வந்தார்.

ஹைப்ரிட் இதற்கு நேர் எதிர். நெரிசலில் ஊர்ந்து போகும்போது பெட்ரோல் எஞ்சின் தூங்கிவிடும், பேட்டரி இழுக்கும். பிரேக் போடும்போதெல்லாம் கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும். அதனால் டவுனுக்குள் அதை அடிக்க ஆள் கிடையாது. பிரேக்கே தொடாமல் நாலுவழிச்சாலையில் போகிறவருக்கு அந்த வரும்படி இல்லை. பேட்டரி போய்விடுமே என்று எல்லாரும் பயப்படுவார்கள். நான் பார்த்தவரை பேட்டரி சும்மா கிடக்கும், அதற்குக் காற்று போகிற வழியை நாம்தான் அடைப்போம்.

அப்படி அடைத்தவர்தான் பத்மநாபன். சுங்குடிச் சேலை வியாபாரி. வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிற குடும்பம். வீடு, கடை, சாயப் பட்டறை எல்லாமே தெற்குவாசலைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள். ஹைப்ரிட் வாங்கி நாலாவது மாதம் நடுத்தெருவில் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், பின்சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று போகிற சல்லடையை மறைத்துச் சேலைக் கட்டுகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார். கட்டுகளை இறக்கினேன், விளக்கு அணைந்தது. மனிதர் வெட்கப்பட்டுப் போனார். அன்றிலிருந்து என் மேல் அவருக்குத் தனி மரியாதை.

தங்கப்பாண்டியும் எங்கள் கஸ்டமர்தான். திருமங்கலத்தில் உரக்கடை. தினம் ராஜபாளையம், சாத்தூர் என்று சுற்றுகிறவர். அவருடைய டீசல் வண்டி நாலு வருடத்தில் ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை. சர்வீஸுக்கு வரும்போது அவர் மகள் கார்த்திகாவும் கூட வருவாள். பத்மநாபன் மகனும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள், விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை.

இரண்டு குடும்பமும் கல்யாணத்தில் மிகவும் கண்ணியமாக நடந்துகொண்டார்கள். மொழியைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. சாதியைப் பற்றி வரவில்லை. ஒரு பந்தியில் கறி இருக்கும், ஒரு பந்தியில் இருக்காது என்பதைப் பற்றிக்கூட யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாரும் பாராட்டினார்கள். அப்படி மென்று முழுங்கியதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று வளைகாப்பு அன்றுதான் தெரிந்தது.

வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தங்கப்பாண்டி தன் டீசலைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பத்மநாபன் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாராம்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. ஏழு மாசப் புள்ளத்தாச்சி. டீசல் உதறும், வாடை வேற. நம்ம ஹைப்ரிட்ல போகட்டுமே."

"கரண்டுப் பெட்டி மேல எம்புள்ளைய உக்கார வைக்கவா? சேலைக் கட்டு ஏத்துனதுக்கே நடுத்தெருவுல நின்ன வண்டிதான அது?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. கார்த்திகா வளையல் அடுக்கிய இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றிருக்கிறாள். கடைசியில் அப்பா வண்டியில்தான் ஏறினாள். "அந்த வண்டி நிக்கிற வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்" என்றார் பத்மநாபன். "வராட்டிப் போகட்டும், என் பேரப்புள்ள என் வண்டியிலதான் ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வரும்" என்றார் தங்கப்பாண்டி. அதோடு பேச்சு நின்றுவிட்டது. மாப்பிள்ளை சென்னையிலிருந்து இரண்டு பக்கமும் போனில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் கார்த்திகா எனக்குப் போனில் சொன்னது. அப்போது அவளுக்கு ஒன்பதாவது மாதம். எனக்கு ஓய்வு பெற இரண்டு மாதம் பாக்கி.

"மேடம், எந்த வண்டி ஒசத்தின்னு தீர்க்க நீங்க ரெண்டு வண்டிக்கும் சேத்து ஒரு மைலேஜ் டெஸ்ட் எடுங்க. நீங்க எடுத்தா ரெண்டு பேரும் ஒத்துக்குவாங்க, கேட்டுட்டேன்."

"எடுத்துட்டாப் போச்சு."

"இன்னும் சொல்லி முடிக்கல மேடம். ரெண்டும் சமம்னு வரணும். யார் ஜெயிச்சாலும் இன்னொருத்தர் புள்ளையப் பாக்க வரமாட்டாரு."

"முடிவை எங்கிட்ட கேக்கக் கூடாதும்மா. வண்டிகிட்டதான் கேக்கணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் இரண்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்திருப்பேன். "புள்ளைக்கு ரெண்டு தாத்தா வேணும் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நான் சரி என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது.

லிட்டரில் கை வைக்க மனம் வரவில்லை. ரோட்டில் கை வைத்தேன். நெரிசல் மட்டும் என்றால் ஹைப்ரிட் ஜெயிக்கும். நாலுவழிச்சாலை மட்டும் என்றால் டீசல் ஜெயிக்கும். இரண்டையும் எந்த அளவில் கலந்தால் சமம் வரும் என்று மூன்று நாள் உட்கார்ந்து, பழைய டெஸ்ட் கார்டுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். அவனியாபுரம் பங்க்கில் கிளம்பி, தெற்குவாசல், பெரியார், சிம்மக்கல் என்று ஊரைக் கிழித்துக்கொண்டு போய், கோச்சடை வழியாகச் சோழவந்தான். அங்கிருந்து வாடிப்பட்டி, நாலுவழிச்சாலை, திருமங்கலம், ரிங் ரோட்டில் மறுபடி அவனியாபுரம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நெரிசல் போதாமல் போய்விடக் கூடாதே என்று முகூர்த்த நாளாகவும் பார்த்துக் குறித்தேன். ஒரு தாளில் பாதையை எழுதி, அடியில் 'சமம்' என்று எழுதி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஞானசேகரன் சார் அப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்தார். அவ்வளவு தூரத்தில் இருந்தும் அவர் 'அப்படியா' என்பது கேட்டது, மூன்றாவது வகை.

கால் யாருடையது என்பதும் முக்கியம். அதனால் சோழவந்தான் வரை அவரவர் வண்டி, அதற்கப்புறம் வண்டியை மாற்றி ஓட்ட வேண்டும் என்று விதி போட்டேன். என்னுடைய நாற்பத்தெட்டு கிலோவும் ஒருபக்கம் சாயக் கூடாது. முதல் பாதி ஹைப்ரிடில், அடுத்த பாதி டீசலில் நான் உட்காருவது.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பங்க்கில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "தங்கச்சி, அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு, நுரை அடங்கட்டும்" என்றார் தங்கப்பாண்டி. அவருக்கும் நுரைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. காற்று பார்த்தேன். இருவருமே, டயர் லேசாக உருளட்டும் என்று, கல்லு மாதிரி அடித்து வந்திருந்தார்கள். எட்டு டயரிலும் இறக்கிவிட்டேன்.

அப்புறம் டிக்கி. தங்கப்பாண்டி டிக்கி துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. விரிப்பின் மேல் விரல் முட்டியால் தட்டினேன், உள்ளே ஸ்டெப்னி இருந்தால் 'தொம்' என்று அமுங்கிக் கேட்கும். 'டங்' என்று கேட்டது. எடையைக் குறைக்க ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹைப்ரிடின் டிக்கியைத் தட்டினேன். அதுவும் 'டங்'. பத்மநாபன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்க வேண்டும். இரண்டிலும் இல்லை, சமமாகத்தானே இருக்கிறது என்று டிக்கியை மூடிவிட்டேன். முடிவை முதலில் எழுதியவளின் புத்தி அப்படித்தான் போகும்.

சோழவந்தான் வரை எல்லாம் நான் போட்ட கணக்குப்படியே நடந்தது. சிம்மக்கல்லில் மூன்று கல்யாண ஊர்வலம். பத்மநாபன் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். எஞ்சின் தூங்கும்போதெல்லாம், "பாத்தீங்களா, ஒரு சொட்டுப் போகல" என்றார். கண்ணாடியில் பார்த்தால், பின்னால் தங்கப்பாண்டி கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்து வேர்த்துக் கிடந்தார்.

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் ஓரம் வண்டியை மாற்றிக்கொண்டார்கள். தங்கப்பாண்டி ஹைப்ரிடில் ஏறிப் பொத்தானை அமுக்கினார். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார், மறுபடி அமுக்கினார்.

"ஸ்டார்ட் ஆகல தங்கச்சி. நான் அப்பமே சொன்னேன்ல."

"ஆயிடுச்சு அண்ணே. நீங்கதான் அணைச்சு அணைச்சு விடுறீங்க."

டீசலில் பத்மநாபன் நிலைமை அதைவிட மோசம். இரண்டு வருடமாக இடதுகாலுக்கு வேலை கொடுக்காதவர். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி தவளை மாதிரி எகிறி அணைந்தது. மூன்றாவது தடவை கிளம்பியது. வாடிப்பட்டி ரோட்டில் ஆள் அரவம் இல்லை. மெதுவாக மூன்றாவது கியர், நாலாவது கியர். ஒரு நெல் லாரியை முந்துவதற்காகக் காலை அமுக்கினார். வண்டி எங்கள் இருவரையும் சீட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பாய்ந்தது. அவருக்கு அறுபத்திரண்டு வயது. முகத்தில் பள்ளிக்கூடம் விட்ட சிரிப்பு.

"மேடம், இது இழுக்குதே."

"இழுக்கும் சார். ரோட்டைப் பாருங்க."

"சம்பந்திகிட்ட சொல்லிடாதீங்க" என்று என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்த நேரத்தில் சின்னப் பாலத்தின் கட்டைச் சுவர் இடதுபக்கம் வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டார், நல்லவேளை. முன்டயர் மட்டும் கல்லில் உரசிப் பக்கவாட்டில் ஒரு சாண் கிழிந்தது. பஞ்சர் ஒட்டுகிற கிழிசல் இல்லை.

ஓரம் கட்டி இறங்கினோம். ஒன்றும் ஆகவில்லை என்றாலும், ஆகியிருக்கலாம். நாங்கள் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஹைப்ரிட் பூனை போல வந்து நின்றது. வந்ததே தெரியவில்லை. தங்கப்பாண்டி இறங்கி, முதலில் பத்மநாபனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அப்புறம்தான் டயரைப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன்.

"ஸ்டெப்னியை எடுத்து மாட்டிரலாம்" என்றார் பத்மநாபன் தலை குனிந்தபடி.

தங்கப்பாண்டி இருமினார். "இதுல... இல்ல. அவரு வண்டி ஸ்டெப்னி இதுக்குச் சேராதா தங்கச்சி?"

"அதுலயும் இல்ல அண்ணே" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக.

"உனக்குத் தெரியுமா?" என்றார் தங்கப்பாண்டி.

"பங்க்லயே தெரியும். ரெண்டு பேரும் கழட்டி வெச்சுட்டு வந்திருந்தீங்க. சமமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"இம்புட்டு நேர்மையான ஆளு, நீ ஏம்மா இப்பிடிப் பண்ணுன?"

அதற்கு மேல் என்னால் நடிக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து தாளை எடுத்துத் தங்கப்பாண்டி கையில் கொடுத்தேன். அவர் பாதையைப் படித்தார், அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். உங்கள் மகள்தான் கேட்டாள் என்றேன். பிள்ளைக்கு இரண்டு தாத்தா வேண்டும் என்று சொன்னதையும் சொன்னேன். இருபத்தொன்பது வருடமாக ஒரு பொய்க் கார்டு எழுதாதவள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தங்கப்பாண்டி தாளை மடிக்காமல் பத்மநாபனிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார், இருந்தது ஆறு வரிதான்.

"ஒன்பது மாசத்துல அந்தப் பொண்ணுக்கு இந்தக் கவலையா" என்றார். தங்கப்பாண்டி ரோட்டோரம் போய் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு வந்தார். வெயில் என்றார்.

டெஸ்ட் அதோடு ரத்து. ரெக்கவரி வண்டியை வரச் சொன்னேன். டீசலை ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டு மூவரும் ஹைப்ரிடில் ஏறினோம். தங்கப்பாண்டிதான் ஓட்டினார். கப்பலூர் தாண்டியதும் அவர் எதையும் கேட்காமல் வண்டியைத் திருமங்கலத்துக்குள் தன் வீட்டுத் தெருவுக்குத் திருப்பினார். சத்தமில்லாத வண்டி ஆனதால் வாசலில் நிற்கும்வரை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

தங்கப்பாண்டி இறங்கினார். நான் இறங்கினேன். பத்மநாபன் இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். கார்த்திகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்து, மாமனாரைப் பார்த்ததும் அங்கேயே நின்றாள். வளைகாப்பில் அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை. அந்த வயதில் ஆண்கள் சொன்ன வார்த்தையைவிட்டு லேசில் இறங்கி வர மாட்டார்கள்.

பத்மநாபன் வாசலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"அந்த வண்டி நிக்கிற வாசல்லதான் கால் வைக்க மாட்டேன்னு சொன்னேன் சம்பந்தி. இங்க அந்த வண்டியக் காணமே" என்றார்.

"காணாமப் பண்ணுனதே நீங்கதான. உள்ள வாங்க, காப்பி ஆறிரும்" என்றார் தங்கப்பாண்டி. காப்பி இன்னும் அடுப்பிலேயே ஏறவில்லை. பத்மநாபன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கார்த்திகா என்னைத் தாண்டிப் போகும்போது என் கையைப் பிடித்து அழுத்தினாள். டெஸ்ட் என்ன ஆச்சு என்று அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் டெஸ்ட் கார்டில் 'ரத்து, தவறு சோதகருடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோயம்புத்தூருக்குப் போன் செய்து ஞானசேகரன் சாரிடம் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்படியா" என்றார். அதுவரை நான் கேட்டிராத நாலாவது வகையாக இருந்தது. கோபம் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை லீவில் வந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன அன்று சாயங்காலம் கார்த்திகா போன் செய்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வண்டியும் வந்து நின்றதாம். அவளுக்குப் பக்கென்று ஆகிவிட்டதாம். யாரும் எதுவும் பேசுவதற்கு முன்னால் தங்கப்பாண்டி தன் சாவியை எடுத்துப் பத்மநாபனிடம் நீட்டிவிட்டு, "சத்தம் கேட்டாப் புள்ள முழிச்சுரும். நான் உங்கதை ஓட்டுறேன், நீங்க நம்மதுல சாமானை ஏத்திக்கிட்டு வாங்க" என்றிருக்கிறார். ஹைப்ரிடில் குழந்தையோடு நாற்பதைத் தாண்டாமல் திருமங்கலம் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

"அப்ப மாமனார் பின்னாடியே வந்துட்டாரா?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க மேடம். ஆரத்தித் தட்டு, புள்ளைக்கு மாத்துத் துணி எல்லாம் அந்த வண்டியிலதான் இருக்கு. இங்க எல்லாரும் வாசல்லயே நிக்கிறோம். மாமா முக்கால் மணி நேரம் கழிச்சு வாராரு. எங்க போனீங்கன்னு கேட்டா, ரோடு காலியா இருந்துச்சும்மாங்கறாரு."